உறுதியாகாத ஆட்டிசம்: இருபதுகளில் இருப்பவர் முன்னுள்ள நான்கு வழிகள்

மதிப்பீட்டு அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் “ஆட்டிசப் பண்புகள் காணப்படுகின்றன, உறுதிசெய்யப் போதிய குழந்தைப்பருவத் தகவல் இல்லை” என்று எழுதியிருந்தால், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆம் என்று சொல்லியிருந்தால் அடுத்த அடி தெரியும். இல்லை என்றால் வேறு காரணத்தைத் தேடலாம். படிப்பு முடிந்து, வேலையில் சேர்ந்த புதிதில், வீட்டில் கல்யாணப் பேச்சு எழும் வயதில் இரண்டுக்கும் நடுவே நிறுத்தப்படுவது தனியொரு பாரம். என் அறிக்கையிலும் இதே பொருள்படும் வரிதான் இருக்கிறது. அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

இப்படி நிற்பவர்களுக்குப் பொதுவாக நான்கு வழிகள் தென்படுகின்றன. தனக்கு இருப்பது ஆட்டிசம்தான் என்று தானே முடிவுக்கு வந்து, யாரிடமும் போகாமல் அதற்கேற்ப வாழ்வது ஒன்று. பெரியவர்களை மதிப்பிட்டுப் பழகிய மருத்துவ உளவியலாளரிடமோ மனநல மருத்துவரிடமோ முழு மதிப்பீடு செய்துகொள்வது இன்னொன்று. ஆட்டிசக் கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, கூடவே இருக்கும் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் கவனச் சிதறலுக்கும் சிகிச்சை எடுப்பது மூன்றாவது. நேராக மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது நான்காவது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூட இருப்பவற்றுக்கான சிகிச்சையை இப்போதே தொடங்குங்கள். அதற்கு எந்தப் பெயரும் உறுதியாகியிருக்க வேண்டியதில்லை. முழு மதிப்பீட்டுக்குத் தயாரிப்போடு போங்கள். சான்றிதழால் ஆகவேண்டிய காரியம் ஒன்று கண்முன்னால் இருந்தால் மட்டும் அதை நாடுங்கள். சுயமுடிவோடு மட்டும் நின்றுவிடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஆனால் அப்படி நிற்பவர்களை ஏளனம் செய்வோர் பக்கமும் நான் இல்லை.

ஏன் உறுதியாவதில்லை

மருத்துவருக்குத் திறமை போதவில்லை என்று நினைத்துக்கொள்வது எளிது. சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஆட்டிசத்தைக் காட்டிக்கொடுக்கும் இரத்தப் பரிசோதனை இல்லை, ஸ்கேன் இல்லை. ஒருவருடைய நடத்தையையும் வளர்ந்த வரலாற்றையும் வைத்து இன்னொருவர் எடுக்கும் தீர்மானம் அது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட, மனநலப் பிரச்சினைகளை வரையறுக்கும் டி.எஸ்.எம்-5 கையேடு, அதுவரை ஆஸ்பெர்கர் என்றும் வேறு பெயர்களிலும் பிரிந்து கிடந்தவற்றை ஆட்டிச நிறமாலை என்ற ஒரே பெயருக்குள் கொண்டுவந்தது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-11 நோய் வகைப்பாடும் ஏறக்குறைய அதே வழியில்தான் போகிறது.

டி.எஸ்.எம்-5 கேட்பவை இவை. பிறரோடு உணர்வையும் பேச்சையும் கொடுத்து வாங்குவது, கண், முகம், சைகை வழியாகப் பேசுவது, உறவுகளை உருவாக்கித் தக்கவைப்பது என்ற மூன்றிலும் சிரமம் இருக்க வேண்டும். திரும்பத் திரும்பச் செய்யும் அசைவு அல்லது பேச்சு, மாற்றத்தைத் தாங்காத பிடிவாதம், ஒரே விஷயத்தில் அளவு கடந்த ஈடுபாடு, ஒலி, ஒளி, தொடுகை போன்றவற்றில் மிகையான அல்லது குறைவான உணர்வு என்ற நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். இவை சிறுவயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும். இன்றைய வாழ்க்கையில் உண்மையான இடைஞ்சலைத் தர வேண்டும்.

இருபதுகளில் இருப்பவர் பெரும்பாலும் சிறுவயது பற்றிய நிபந்தனையில்தான் சிக்கிக்கொள்கிறார். கையேடே இதற்கு ஓர் இடம் விட்டிருக்கிறது. சமூகம் கேட்பது ஒருவருடைய சக்தியை மிஞ்சும்வரை அறிகுறிகள் முழுமையாக வெளிப்படாமல் இருக்கலாம், கற்றுக்கொண்ட உத்திகளால் பிற்காலத்தில் மறைந்தும் போகலாம் என்கிறது. நம் பள்ளிக்கூட வாழ்க்கையோடு இதைப் பொருத்திப் பாருங்கள். மணியடித்தால் வகுப்பு, மணியடித்தால் சாப்பாடு, மாலையில் டியூஷன், இரவில் வீட்டுப்பாடம். பன்னிரண்டாம் வகுப்பு வரை யாரோ ஒருவர் போட்டுக்கொடுத்த கால அட்டவணைக்குள்தான் ஒரு பிள்ளை வாழ்கிறது. அதிகம் பேசாத பிள்ளைக்கு ‘நல்ல பிள்ளை’ என்று பெயர். பெரியவர்களின் முகத்தை நிமிர்ந்து பார்க்காதது அடக்கம். ஒரே பாடத்தில் மூழ்கிக் கிடந்தால் மதிப்பெண். பெண்பிள்ளையாக இருந்தால் எல்லாவற்றுக்கும் கூச்சம் என்ற ஒரே விளக்கம் போதுமானதாக இருந்தது. அப்புறம் விடுதி வருகிறது, குழுவாகச் செய்யும் புராஜெக்ட் வருகிறது, மேலாளர் பாதி சொல்லிப் பாதியைப் புரிந்துகொள்ளச் சொல்லும் அலுவலகம் வருகிறது. அதுவரை தாங்கி நின்ற அட்டவணை எடுக்கப்பட்டதும் ஆள் தடுமாறுகிறார். அந்த நேரத்தில் மருத்துவரிடம் போனால் “சின்ன வயதில் எப்படி இருந்தீர்கள்?” என்று கேட்கிறார். “சமத்தாக இருந்தான்” என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா சொல்கிறார். அம்மா பொய் சொல்லவில்லை.

சுயமுடிவு

இணையத்தில் கிடைக்கும் கேள்வித்தாள்களில்தான் பலருக்கும் இது தொடங்குகிறது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த சைமன் பாரன்-கோஹன் குழு 2001-இல் வெளியிட்ட, ஆட்டிசப் பண்புகளை அளக்கும் ஏ.கியூ. கேள்வித்தாளில் 50 கேள்விகள். மதிப்பெண் 32 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்கத்தக்கது என்பார்கள். ராட்ஸ்-ஆர் என்ற இன்னொரு கேள்வித்தாளில் 80 கேள்விகள், 65 எல்லை. இவை மேலே ஆராயலாமா என்று பார்க்கும் சல்லடைகளே. ஆழ்ந்த பதற்றம் உள்ளவருக்கும் ஏ.கியூ. மதிப்பெண் உயர்ந்து நிற்கும். கேள்விகளும் வேறோர் ஊரின் வாழ்க்கையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அருங்காட்சியகத்தைவிட நாடக அரங்குக்குப் போகப் பிடிக்குமா என்று ஒரு கேள்வி இருக்கிறது. இரண்டுக்கும் போயிராத ஒரு தென்காசிப் பிள்ளை அதற்கு என்ன பதில் சொல்லும்?

இருந்தாலும் இந்த வழியில் மிக நல்ல பாதி ஒன்று இருக்கிறது. ‘எனக்கு ஆட்டிசம் இருக்கலாம்’ என்பதை ஒரு கருதுகோளாக எடுத்துக்கொண்டு, அதன்படி வாழ்க்கையைச் சரிசெய்து பார்ப்பதற்கு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. பஸ்ஸில் காதடைப்பான் போட்டுக்கொள்ளலாம். வாய்மொழியாகச் சொன்ன வேலையை மின்னஞ்சலில் எழுதி அனுப்பும்படி கேட்கலாம். உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு முகூர்த்தத்துக்கு மட்டும் போய்த் தலைகாட்டிவிட்டு வரலாம். மறுநாள் எந்த வேலையும் வைத்துக்கொள்ளாமல் இருக்கலாம். இவற்றால் வாழ்க்கை எளிதானால் அந்த நிம்மதி உங்களுடையது. அது ஆட்டிசத்தை நிரூபிக்காது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரைச்சல் குறைந்தால் பதற்றக்காரருக்கும் நிம்மதிதான்.

இந்த வழியின் மோசமான பாதி, கருதுகோள் இறுகி அடையாளமாகிவிடுவது. ‘நான் இப்படித்தான்’ என்று முடிவு கட்டிய பிறகு, மாற்றக்கூடியதையும் மாற்ற முயலாமல் விட்டுவிடுகிறோம்.

கூட இருப்பவற்றுக்கு முதலில் சிகிச்சை

தவறாக முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதை இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தால்தான் இந்த வழியின் அருமை புரியும்.

ஒருவருக்கு உண்மையில் இருப்பது சமூகப் பதற்றம். ஆட்டிசம் என்று தவறாக முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சமூகப் பதற்றத்துக்கு நன்றாகப் பயன்தரும் சிகிச்சை இருக்கிறது. அஞ்சும் சூழலைச் சிறுகச் சிறுக, திட்டமிட்டு எதிர்கொள்ளப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை அது. தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. ஆட்டிசம் என்று ஒதுங்கிக்கொண்டவருக்கு அந்த வாய்ப்புப் போய்விடுகிறது. இப்போது மறுபக்கம். உண்மையில் ஆட்டிசம் உள்ளவரை வெறும் பதற்றக்காரர் என்று நினைத்து, ‘பழகப் பழகச் சரியாகும்’ என்று இரைச்சலிலும் கூட்டத்திலும் தள்ளிக்கொண்டே இருந்தால் என்ன நடக்கும்? மனிதர்கள் என்ன நினைப்பார்களோ என்ற அச்சம் பழக்கத்தால் குறையலாம். காதுக்குள் ஊசியாக இறங்கும் மிக்சி சத்தம் அதே மாதிரி குறைவதில்லை. அவர் களைத்துப்போய், சிகிச்சை மீதே நம்பிக்கை இழந்து வெளியேறுகிறார்.

இரண்டுமே ஒருவரிடம் சேர்ந்து இருப்பதும் மிகச் சாதாரணம். அதனால்தான் நல்ல சிகிச்சையாளர் “இது ஆட்டிசமா, பதற்றமா?” என்பதை முடிவுசெய்த பிறகுதான் தொடங்குவேன் என்று காத்திருக்கமாட்டார். எந்தச் சிரமம் அச்சத்தால் வருகிறது, எது ஒலி, ஒளி போன்ற புலன் சுமையால் வருகிறது, எது பிறருடைய குறிப்பு புரியாமல் வருகிறது என்று தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய விதத்தில் அணுகுவார். நீங்கள் போகும்போதே இப்படிப் பிரித்து எழுதிக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது.

ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனச் சிதறல் குறைபாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2013-க்கு முந்தைய அமெரிக்கக் கையேடு ஆட்டிசத்தையும் ஏ.டி.எச்.டி.யையும் ஒருவருக்கே சேர்த்துக் கொடுக்க அனுமதிக்கவில்லை. டி.எஸ்.எம்-5 அந்தத் தடையை நீக்கியது. அதற்கு முன் பயிற்சி பெற்றவர்களில் சிலர் இன்றைக்கும் ஒன்றைக் கண்டால் மற்றதைத் தேடுவதில்லை. ஆட்டிசத்தின் அடிப்படைப் பண்புகளுக்கு மருந்து கிடையாது, ஏ.டி.எச்.டி.க்கு இருக்கிறது. எனவே அதைக் கண்டுபிடிக்காமல் விடுவது பெரிய இழப்பு. (மருந்தே இல்லாத ஒன்றுக்கு ஸ்டெம்செல் சிகிச்சை என்று இலட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் போகாதீர்கள். அது ஆட்டிசத்தைக் குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை.)

மனச்சோர்வை இன்னும் அவசரமாகப் பார்க்க வேண்டும். ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம், அதிலும் எல்லாவற்றையும் மறைத்து மறைத்து வாழ்பவர்களிடம், தற்கொலை எண்ணம் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. உயிரோடு இருப்பதே பாரமாகத் தோன்றினால் மதிப்பீட்டுத் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். 14416 என்ற, அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போய், “எனக்கு ஆட்டிசமா என்று தெரியவில்லை. ஆனால் தூக்கம் போய்விட்டது, சாக வேண்டும் போலிருக்கிறது” என்று சொன்னால் போதும். இரண்டாவது வாக்கியத்துக்கு அன்றைக்கே சிகிச்சை தொடங்க முடியும்.

இந்த வழியில் ஒரு குறை உண்டு. சிகிச்சையால் பதற்றமும் சோர்வும் குறைந்த பிறகும் மீதி இருப்பது என்ன என்ற கேள்வி கேட்கப்படாமலே போய்விடலாம். மீதி இருப்பதைக் குறித்துக்கொண்டே வாருங்கள். மதிப்பீட்டாளருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

முழு மதிப்பீடு

இதில்தான் பணமும் நேரமும் அதிகம் போகும். எனவே சரியான இடத்தில் செலவழிய வேண்டும்.

நம்மிடம் உள்ள அமைப்பு பெரும்பாலும் குழந்தைகளுக்காகக் கட்டப்பட்டது. மாவட்டங்களில் உள்ள, குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைக் கவனிக்கும் இடையீட்டு மையங்கள் பிறப்பு முதல் 18 வயது வரையிலான தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் வருபவை. 19 வயதில் போய் நின்றால் உங்களுக்கான மேசை அங்கே இல்லை. பெரியவர்களுக்கு மிஞ்சுவது மருத்துவக் கல்லூரிகளின் மனநலப் பிரிவு, சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், முட்டுக்காட்டில் 2005-இல் தொடங்கப்பட்ட பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம், வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிம்ஹான்ஸ், பிறகு தனியாகத் தொழில் செய்யும் மருத்துவ உளவியலாளர்கள். அரசு இடங்களில் செலவு மிகக் குறைவு. கூட்டம் காரணமாக ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் நேரமும் குறைவு. தனியாரிடம் நேரம் கிடைக்கும். ஒவ்வொரு அமர்வுக்கும் கட்டணம். வசதி இருப்பவருக்கும் நான் சொல்வது, முதல் பார்வைக்கு அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரிடமே போகலாம் என்பதுதான். பதற்றம், மனச்சோர்வு, ஓ.சி.டி. எனப்படும் கட்டாய எண்ணச் சுழற்சி ஆகியவற்றை அவர் பார்த்துவிடுவார். ஆட்டிச மதிப்பீடு உண்மையில் தேவைதானா என்பதும் தெளிவாகும்.

தனியாரிடம் போவதானால், இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்று கேளுங்கள். ‘கவுன்சிலர்’ என்ற பலகைக்குப் பின்னால் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம்; பதிவு எண்ணைக் கேட்பது அவமரியாதை ஆகாது. பிறகு மூன்று கேள்விகள். பெரியவர்களை மதிப்பிட்டுப் பழக்கம் உண்டா? என் பெற்றோரிடமோ என்னைச் சிறுவயதில் அறிந்த இன்னொருவரிடமோ பேசுவீர்களா? ஏ.டி.எச்.டி., பதற்றம், கட்டாய எண்ணச் சுழற்சி ஆகியவற்றையும் பார்ப்பீர்களா? மூன்றில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தாலும் வேறு ஆளைப் பாருங்கள். ஒரே அமர்வில், ஒரே கேள்வித்தாளை வைத்து ‘ஆட்டிசம் இல்லை, உங்களுக்குத்தான் நண்பர்கள் இருக்கிறார்களே’ என்று அனுப்பிவிடுபவர்களும் இருக்கிறார்கள், ‘ஆம்’ என்று எழுதிக்கொடுத்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். இரண்டு தாள்களுக்கும் எடை ஒன்றுதான்.

ஏடாஸ்-2 என்ற நேரடி மதிப்பீட்டுக் கருவியின் நான்காம் பகுதி, சரளமாகப் பேசும் வளரிளம் பருவத்தினருக்கும் பெரியவர்களுக்கும் உரியது. அதை மிக உயர்வாகச் சொல்வார்கள். கருவி நல்லதுதான். ஆனால் சுமார் ஒரு மணி நேரம் அமைதியான அறையில், அன்பாகப் பேசும் ஒரே ஒருவரோடு உட்கார்ந்திருப்பது நம்மில் பலருக்கு வாழ்க்கையிலேயே எளிய சூழல். முகபாவனையை இருபது ஆண்டுகளாகப் பழகியவர் அந்த ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடுவார். மாறாக, கடும் பதற்றமோ வேறு மனநோயோ உள்ளவருக்கு அதில் மதிப்பெண் கூடவும் வாய்ப்பு உண்டு. எனவே எந்தக் கருவியின் எண்ணும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. வளர்ச்சி வரலாற்றோடு சேர்த்துத்தான் அதைப் படிக்க வேண்டும்.

அந்த வரலாறுதான் காலம் போகப் போகக் கரைவது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நீங்கள் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். மதிப்பீட்டுக்கு எப்போது போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி, உங்கள் சிறுவயதை அறிந்தவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். ஆட்டிசம் என்ற சொல்லையே எடுக்காதீர்கள். எடுத்தால் அம்மா பதறிப்போய் “என் பிள்ளைக்கு ஒன்றுமில்லை” என்பார், அல்லது குற்றவுணர்வில் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். நடந்ததை மட்டும் கேளுங்கள். கோயில் கொடைக்குப் போனால் மேளச் சத்தத்துக்கு நான் என்ன செய்வேன்? பந்தியில் எதையெல்லாம் தொடமாட்டேன்? எந்தச் சட்டையைப் போடமாட்டேன் என்று அழுதேன்? எப்போது பேசத் தொடங்கினேன், முதலில் பேசியவை யாருடைய வார்த்தைகள்? விருந்தினர் வந்தால் எங்கே இருப்பேன்? விளையாட்டு என்றால் விளையாடுவேனா, அடுக்கி வைத்துக்கொண்டிருப்பேனா? பள்ளிக்குப் போகும் வழி மாறினால் என்ன ஆகும்?

ஒருவரிடம் மட்டும் கேட்காதீர்கள். மூத்த பிள்ளை என்றால் அம்மாவுக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழந்தை இருந்திருக்காது. பல பிள்ளைகளை வளர்த்த பெரியம்மாவோ ஆச்சியோ வேறு விதமாகச் சொல்வார். தொடக்கப் பள்ளி மதிப்பெண் அட்டையில் ஆசிரியர் எழுதிய குறிப்பு, பழைய கல்யாண வீடியோவில் மூலையில் தெரியும் நீங்கள், தடுப்பூசி அட்டையின் பின்பக்கம் யாரோ எழுதிய ஒரு வரி எல்லாமே சான்று. ஒத்துவராததையும் எழுதுங்கள். நான்கு வயதில் தெருப் பிள்ளைகளோடு நாள் முழுக்க விளையாடினீர்கள் என்றால் அதுவும் தாளில் இருக்க வேண்டும். தனக்கு வேண்டிய விடைக்காகத் தயாரித்த வரலாற்றால் யாருக்கும் பயனில்லை.

சான்றிதழ்

இதைச் சட்டத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அங்கீகரிக்கும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றளிக்கப்பட்டால் அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீட்டுக்குள் வரலாம். அதில் ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகை ஊனம் எல்லாம் சேர்ந்து பங்கிட்டுக்கொள்வது 1 சதவீதம். அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடமும் ஐந்தாண்டு வயதுத் தளர்வும் உண்டு. பழைய வருமானவரி முறையில் கணக்குக் காட்டுபவருக்கு 75,000 ரூபாய்க் கழிவு கிடைக்கும். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை.

சதவீதத்தை முடிவுசெய்ய ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற இந்திய அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70-க்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை என்று பொருள். தனியாகத் திரும்பத் திரும்ப விளையாடுவது போன்ற கூறுகள் அதில் இருக்கின்றன. நன்றாகப் பேசும், பட்டம் பெற்ற, பல்லைக் கடித்துக்கொண்டு இயல்பாக நடிக்கத் தெரிந்த ஒருவர் அதில் 70-ஐத் தொடாமல் போவது எளிது. நோயறிதலே உறுதியாகாத நிலையில் நேராகச் சான்றிதழுக்குப் போனால் மறுக்கப்படும் வாய்ப்பே அதிகம். அந்த மறுப்பை ‘உனக்கு ஒன்றுமில்லை’ என்ற இறுதித் தீர்ப்பாக வீட்டாரும், சமயத்தில் நாமே கூட, எடுத்துக்கொண்டுவிடுகிறோம். அரசின் உதவிக்கான எல்லையைத் தாண்டவில்லை என்பது மட்டுமே அதன் பொருள்.

இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றமே தெளிவாக்கியிருக்கிறது. விகாஷ் குமார் எதிர் யு.பி.எஸ்.சி. வழக்கில் 2021 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, 40 சதவீதம் என்பது ஒதுக்கீடு போன்ற குறிப்பிட்ட சலுகைகளுக்கான எல்லை என்றது. நியாயமான ஏற்பாடுகளைப் பெறும் உரிமை அந்த எல்லைக்குக் கீழே உள்ள மாற்றுத்திறனாளிக்கும் உண்டு என்றது. எழுதும்போது கை இறுகிப்போகும் பிரச்சினை உள்ள தேர்வர், தேர்வில் எழுத உதவியாளர் கேட்ட வழக்கு அது. அலுவலகத்தில் அமைதியான இருக்கையோ எழுத்து வடிவில் வேலைக்குறிப்போ கேட்பவருக்கு இந்தத் தீர்ப்பு ஒரு நல்ல ஊன்றுகோல். ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்பது அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவு. 20 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள தனியார் நிறுவனத்தின் கொள்கை இன்னும் விரிவாக இருக்க வேண்டும். உங்கள் அலுவலகத்தில் அது இருக்கிறதா என்று மனிதவளப் பிரிவில் கேட்பதற்கு உங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லத் தேவையில்லை.

ஆகவே அரசுப் போட்டித் தேர்வு எழுதப் போகிறவர், உயர்கல்வி இட ஒதுக்கீடு தேவைப்படுபவர், பெற்றோருக்குப் பின் யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கவலை உள்ள அளவுக்கு அன்றாடச் சிரமம் உள்ளவர் ஆகியோர் முழு மதிப்பீட்டு அறிக்கையோடு சான்றிதழுக்குப் போகட்டும். தேர்வு அறிவிப்பு வந்த பிறகு அலைந்தால் கைக்கு வராது, முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். தனியார் வேலையில் இருந்துகொண்டு, அலுவலகத்தில் சில சின்ன மாற்றங்கள் மட்டும் போதும் என்பவர் நல்ல மதிப்பீட்டு அறிக்கையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

யாரிடம் சொல்வது

மேலாளரிடம் தேவையைச் சொல்லுங்கள், பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. “கூட்டம் முடிந்ததும் முடிவுகளை எழுதி அனுப்பினால் எனக்கு வேலை சரியாக வரும்” என்பது யார் வேண்டுமானாலும் கேட்கக்கூடியது.

வீடுதான் கடினம். “கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்” என்ற வாக்கியம் எப்படியும் வரும். “வெளியே சொல்லாதே, வரன் தட்டிப்போகும்” என்பதும் கூடவே வரும். இரண்டையும் பெற்றோரின் அச்சமாக எடுத்துக்கொண்டு பொறுமையாகப் பதில் சொல்லலாம். ஆனால் பேச்சு ஒரு குறிப்பிட்ட மனிதர் வரை வந்துவிட்டால், மறைத்து வைத்துத் தாலி கட்டுவதையோ கட்டிக்கொள்வதையோ என்னால் ஏற்க முடியாது. “ஆட்டிசமா என்று உறுதியாகவில்லை, ஆனால் இரைச்சலான இடத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் நான் பேச்சற்றுப் போவேன், திடீர்த் திட்டங்கள் எனக்கு ஒத்துவராது, கோபமாக இருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள்” என்று நிச்சயத்துக்கு முன்பே எதிரில் இருப்பவரிடம் சொல்லிவிட வேண்டும். கூடவே வாழப்போகிறவருக்கு மருத்துவப் பெயரைவிட இந்த விவரங்கள்தான் உதவும். கேட்டுவிட்டு விலகிப்போகிறவர் விலகட்டும்.

மறுபடி மதிப்பீடு

‘உறுதியில்லை’ என்ற அறிக்கைக்குக் காலாவதி எதுவும் இல்லை. அதை அப்படியே வைத்துக்கொண்டு எப்போது வேண்டுமானாலும் மறுபடி போகலாம். எப்போது போவது பயனுள்ளது? மனச்சோர்வு தணிந்து ஆறு மாதம், ஓராண்டு ஆன பிறகும் புலன் சுமையும் மனிதர்களைப் புரிந்துகொள்ளும் சிரமமும் அப்படியே நின்றால் போகலாம். சிறுவயது பற்றி முன்பு இல்லாத புதிய தகவல் கிடைத்தால் போகலாம். ஊர் மாற்றம், பதவி உயர்வு, பிள்ளைப்பேறு என்று வாழ்க்கை கேட்பது கூடி, பழைய உத்திகள் போதாமல் போனால் போகலாம். முந்தைய அறிக்கையின் நகலை எடுத்துச் செல்லுங்கள். எந்தக் கருவிகளைப் பயன்படுத்தினார்கள், எந்த நிபந்தனை நிறைவேறவில்லை என்று எழுதினார்கள் என்பதை முதல் அமர்விலேயே காட்டுங்கள். அது அறிக்கையில் எழுதப்படாமல் வெறும் ‘உறுதியில்லை’ என்று மட்டும் இருந்தால், முதலில் மதிப்பிட்டவரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவர் தன்னுடைய குறிப்பேட்டை இன்னும் வைத்திருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.